மேற்குப் பார்த்த மனைக்குக் கண்ணாடிச் சுவர் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் பகுதிக் கட்டுமானத் தொழில் சங்கம் மார்த்தாண்டம் பக்கத்தில் சொந்தக் கட்டடம் கட்டப்போகிறது என்ற செய்தியை, முகப்புப் படத்தோடும் தள வரைபடத்தோடும், உங்கள் நாளிதழின் குமரி மாவட்டப் பக்கத்தில் வெளியிட்டிருந்தீர்கள். நானும் அந்தச் சங்கத்தில் சந்தா கட்டும் உறுப்பினர்தான். குழித்துறையில் ஒரு சிறிய அலுவலகம் வைத்து, வீட்டு வரைபடம், எஸ்டிமேட், அனுமதி விண்ணப்பம் போன்ற வேலைகளைச் செய்கிறேன். சிவில் டிப்ளமோ முடித்துவிட்டு டிரேசிங் தாளில் பேனா பிடித்து வரைந்த காலம் தொட்டு இதுதான் என் பிழைப்பு. சங்கம் இத்தனை வருடமாக வாடகை அறையில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தது. சொந்தமாக ஓர் இடம் வருவதில் என்னைவிட மகிழ்கிறவர் இருக்க முடியாது. ஆனால் அந்தப் படத்தைப் பார்த்த பிறகு பேசாமல் இருக்க மனசு வரவில்லை. அடிக்கல் நாட்டிவிட்டால் அப்புறம் பேசிப் பயனில்லை. அதனால் இப்போதே எழுதுகிறேன்.

படத்தில் இருப்பது மூன்று மாடி. முன்பக்கம் கீழிருந்து மேல்வரை நீலக் கண்ணாடி. அதைச் சுற்றி வெள்ளி நிற ஏ.சி.பி. எனும் அலுமினியப் பூச்சுத் தகடு. வாசலில் பளபளக்கும் ஐந்து கிரானைட் படி. கண்ணாடிக்கு மேல், வெயிலை மறைக்க வெளியே நீட்டும் சன்ஷேடு ஒரு விரற்கடைகூடக் கிடையாது. திறக்கிற ஜன்னல் முன்பக்கத்தில் ஒன்றும் என் கண்ணில் படவில்லை.

அந்த மனை எனக்குத் தெரியும். ரோட்டைப் பார்த்து நாற்பதடி, உள்ளே நூறடி. ஒன்பது சென்டுக்குக் கொஞ்சம் மேலே வரும். ரோடு மேற்கே இருக்கிறது. அதாவது, அந்த நீலக் கண்ணாடி முழுவதும் மேற்கு வெயிலைப் பார்த்து நிற்கப்போகிறது. சங்கக் கூட்டம் நடப்பதோ சாயங்காலம் நாலு மணிக்கு மேல். எல்லோரும் வேலைத்தலத்திலிருந்து வந்து உட்காரும் நேரமும், வெயில் நேராகக் கண்ணாடியில் இறங்கும் நேரமும் ஒன்று.

இதை ஒரு கணக்காகவே சொல்கிறேன். நம் ஊர் பூமத்திய ரேகைக்கு வடக்கே எட்டே கால் பாகை அளவில் இருக்கிறது. மார்ச் மாதம் மாலை ஐந்து மணிக்குச் சூரியன் அடிவானத்துக்கு மேலே ஏறக்குறைய இருபது பாகை உயரத்தில்தான் நிற்கும். மேற்குச் சுவரில் இரண்டடி சன்ஷேடு போட்டால், அந்த நேரத்தில் அது ஜன்னலின் மேல்பகுதியில் முக்கால் அடியை மறைக்கும். மீதி எல்லாம் வெயில். இரண்டடி நீட்டினாலே இந்தக் கதி என்றால், ஒன்றும் நீட்டாத கண்ணாடிக்கு என்ன கதி? உள்ளே புகுந்த வெப்பம் திரும்பி வெளியே போகவும் கண்ணாடி விடாது. பிறகு ஏ.சி. போட வேண்டும், திரைச்சீலை போட வேண்டும், திரையை மூடினால் பகலிலேயே லைட் போட வேண்டும். வெளிச்சத்துக்காக வைத்த கண்ணாடியை மூடிவிட்டு லைட் எரிக்கும் அலுவலகங்கள் திருவனந்தபுரம் ரோட்டில் எத்தனையோ இருக்கின்றன. அங்கே வேலை செய்கிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இதே கணக்கு வடக்கிலும் தெற்கிலும் நமக்குச் சாதகமாக இருக்கிறது. நம் ஊரில் ஏப்ரல் இரண்டாவது வாரத்திலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நடுப்பகல் சூரியன் தலைக்கு வடக்கே போய்விடுகிறது. வடக்குச் சுவரில் வெயிலே படாது என்று வெளியூரில் படித்துவிட்டு வந்து சொல்கிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. ஆனாலும் பயமில்லை. ஜூன் மாத நடுப்பகலில் சூரியன் அவ்வளவு உயரத்தில் இருப்பதால், வடக்கே இரண்டடி சன்ஷேடு ஏழடிச் சுவரை நிழலில் வைத்துவிடும். தெற்கே டிசம்பரில் சூரியன் சாய்ந்து வரும். அப்போது அதே இரண்டடி சன்ஷேடு மூன்றடிக்குத்தான் நிழல் தரும். நாலடி ஜன்னல் வைத்தால் இரண்டரை அடி நீட்ட வேண்டும். அவ்வளவுதான் விஷயம். ஆக, நம் ஊரில் வடக்கும் தெற்கும் அடக்கி ஆளக்கூடிய திசைகள். மேற்கு அப்படியில்லை.

சங்கத்துக்குக் கிடைத்த மனையைப் பாருங்கள். நூறடி நீளமும் கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. நீளச் சுவர்கள் இரண்டும் வடக்கையும் தெற்கையும் பார்க்கின்றன. இப்படி ஒரு மனை அமைய எவ்வளவு பேர் அலைகிறார்கள்! பக்கங்களில் விதிப்படி இடம் விட்டது போக, கட்டடம் அகலம் குறைந்து நீளமாக வரும். இரு பக்கமும் ஜன்னல் வைத்தால் காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போய்விடும். எந்த அறைக்கும் பகலில் லைட் தேவைப்படாது. படத்தில் வரைந்திருப்பதோ தலைகீழ். நீளச் சுவர்களில் சுவருக்கொரு சிறிய ஜன்னல். குறுகிய மேற்கு முகத்தில் அத்தனை கண்ணாடி.

என் யோசனை இதுதான். மேற்கு முகத்தில் மனிதர் நெடுநேரம் உட்காராத பகுதிகளை வையுங்கள். படிக்கட்டு, லிஃப்ட், பொருள் வைக்கும் அறை, அவற்றுக்கு முன்னால் ஓர் ஆழமான வராந்தா. வராந்தாவுக்கு மேலே மாடிகளில் செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கிய ஜாலிச் சுவர். வெயில் அந்தச் சுவரில் மோதி அங்கேயே நின்றுவிடும். காற்று மட்டும் உள்ளே வரும். உட்காரும் அறைகள், கூட்ட அரங்கு எல்லாம் அதற்குப் பின்னால். ரோட்டிலிருந்து பார்த்தால் கொத்தனாரின் கைவேலை ஒரு முழுச் சுவராகத் தெரியும். கட்டுமானச் சங்கத்துக்கு இதைவிடப் பெரிய பெயர்ப்பலகை வேண்டுமா?

மின்சாரத்தைப் பற்றியும் யோசிக்க வேண்டும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது இந்த மாவட்டத்தில் ரப்பர், தென்னை, வாழை எல்லாம் சாய்ந்து, மின்கம்பங்களும் விழுந்து, பல ஊர்களில் பல நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தோம். திறக்க முடியாத கண்ணாடிப் பெட்டிக்குள் அந்த நாட்களில் ஒரு மணி நேரம் இருக்க முடியுமா? இன்னொரு புயலோ வெள்ளமோ வந்தால், ஜே.சி.பி. வைத்திருப்பவர், மரம் அறுப்பவர், கூரை போடுபவர், வயரிங் வேலைக்காரர் என்று ஊரை மீட்கத் தேவையான அத்தனை பேரும் நம் சங்கத்தோடு தொடர்புள்ளவர்கள். அவர்கள் கூடி வேலை பிரித்துக்கொள்ளும் இடமாக இந்தக் கட்டடம் இருக்க வேண்டும். கரண்ட் போன அன்றைக்கும் வெளிச்சமும் காற்றும் இருந்தால்தான் அது நடக்கும்.

அடுத்தது மழை. படத்தில் மேலே தட்டையான கான்கிரீட் கூரை. கல்குளம், விளவங்கோடு பக்கம் வீடு கட்டியவர்களுக்கு அது எங்கே போய் முடியும் என்று தெரியும். ஜூனில் தொடங்கும் மழையும் நமக்கு உண்டு, அக்டோபருக்குப் பிறகு வரும் மழையும் நமக்கு உண்டு. தட்டைத் தளம் சில வருடங்களில் ஒழுகும். ஒழுக்குக்கு ஒரு மருந்து பூசுவார்கள், அதற்கு மேல் இன்னொன்று பூசுவார்கள். கடைசியில் மொட்டைமாடி முழுவதும் இரும்பு ட்ரஸ் அடித்து ஷீட் போடுவார்கள். ஒரே வீட்டுக்கு இரண்டு கூரைக்குச் செலவு. குழித்துறையிலிருந்து களியக்காவிளை வரை பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தால் போதும், வீட்டுக்கு வீடு இதுதான்.

சரி, கடைசியில் சாய்வான கூரைக்குத்தான் வரப்போகிறோம் என்றால், அதை முதலிலேயே வரைபடத்தில் கொண்டுவந்தால் என்ன? மேல்மாடியைச் சாய்ந்த ஓட்டுக் கூரையாக்கி, சுவரைத் தாண்டி நன்றாக இறவாரம் இறக்கினால், அதற்குக் கீழே பெரிய பயிற்சிக் கூடம் கிடைக்கும். சுவரும் நனையாது, ஜன்னலையும் மழை நாளில் திறந்து வைக்கலாம். இரண்டாயிரம் சதுர அடிக் கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 1,850 லிட்டர் தண்ணீர் இறங்கும். நல்ல மழை நாளில் இதுபோல் பல மடங்கு. அது எங்கே போய்ச் சேரும், தொட்டி எவ்வளவு பெரிது, நிறைந்தால் எந்தக் கிணற்றுக்கு அல்லது ஓடைக்குப் போகும் என்று வரைபடத்தில் ஒரு கோடுகூட இல்லை. மழைநீர்ச் சேகரிப்பைத் தமிழ்நாட்டில் 2003-லேயே கட்டாயமாக்கிவிட்டார்கள். மற்றவர் வீட்டு வரைபடத்தில் அதைக் காட்டச் சொல்லி நாங்களே வற்புறுத்துகிறோம். நம் வீட்டு வரைபடத்தில் விட்டுவிடலாமா?

இதற்கெல்லாம் முன்மாதிரி தேடி வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிறது. 1795 வரை திருவிதாங்கூருக்குத் தலைநகராக இருந்த இடம். 1956-இல் நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் அரண்மனையைக் கேரளத் தொல்லியல் துறைதான் பராமரித்து வருகிறது. அங்கே மந்திரசாலை என்ற அறைக்கு ஏறிப் போனால், மன்னர் ஆலோசனை நடத்திய இடம், சுவர் முழுக்கச் சாய்வான மரச்சட்டங்கள். வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே கண் கூசாத வெளிச்சம், நிற்காத காற்று. கூட்டம் நடத்துவதற்கென்றே ஓர் அறையை எப்படி அமைப்பது என்று நம் ஆசாரிமார் அன்றைக்கே செய்து வைத்திருக்கிறார்கள். நான் அங்கே போகும்போதெல்லாம் அந்தச் சட்டங்களின் சரிவையும் இடைவெளியையும் பார்த்துக்கொண்டே நின்றுவிடுவேன். சங்கத்தின் கட்டடக் குழுவினர் ஒருநாள் மதியம் எல்லோருமாக அங்கே போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். திங்கட்கிழமை மட்டும் வேண்டாம், அன்றைக்கு விடுமுறை.

எல்லைக்கு அந்தப் பக்கம் திருவனந்தபுரத்தில் உள்ளூர் என்ற பகுதியில், லாரி பேக்கர் எழுபதுகளில் கட்டிய வளர்ச்சி ஆய்வு மையம் இருக்கிறது. இங்கிலாந்தில் பிறந்து, நம் மண்ணில் வாழ்ந்து, 1989-இல் இந்தியக் குடியுரிமை பெற்று, 2007-இல் திருவனந்தபுரத்திலேயே மறைந்த கட்டடக் கலைஞர். அங்கே பூசாத செங்கல் சுவர்களும் ஜாலிகளும் மரங்களை வெட்டாமல் வளைந்து போகும் கட்டடங்களும் இன்றும் பயன்பாட்டில் இருக்கின்றன. அவர் பரப்பிய எலிப்பொறிக் கட்டு என்ற முறையில், செங்கல்லைப் படுக்கையாக வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டுவார்கள். ஒன்பது அங்குலச் சுவரேதான். ஆனால் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு செங்கல் மிச்சம், சாந்தும் மிச்சம், நடுவில் நிற்கும் காற்று வெப்பத்தை உள்ளே விடாது. அவர் பழைய ஓடுகளைத் தளத்தின் அடிப்பகுதியில் வைத்து வார்க்கும் முறையையும் பரப்பினார். தளத்தில் அடிப்பகுதிக் கான்கிரீட் பாரம் தாங்குவதில்லை, கம்பிதான் இழுவிசையைத் தாங்குகிறது. அங்கே கான்கிரீட்டுக்குப் பதில் ஓடு வைத்தால் எடையும் குறையும், செலவும் குறையும். நம் கொத்தனார்களில் பலர் தினமும் பாறசாலை தாண்டிப் போய் அந்தப் பக்கம் இந்த வேலைகளைச் செய்துவிட்டுத்தான் வருகிறார்கள். சொந்த ஊரில் அதைச் செய்து காட்ட அவர்களுக்கு ஒரு சுவர் கொடுங்கள்.

எலிப்பொறிக் கட்டுக்குச் செங்கல் அளவு சீராக இருக்க வேண்டும், நம் சூளைக் கல் கோணலாக வருகிறதே என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் சூளைக்காரர்களும் நம் சங்கத்தில் உறுப்பினர்கள்தானே? சங்கத்தின் சொந்தக் கட்டடத்துக்கு அச்சு மாற்றிச் சீரான கல் அறுத்துக் கொடுக்க மாட்டார்களா? பூசாத செங்கல் மழையில் பாசி பிடித்துக் கறுத்துவிடும் என்பதும் நியாயமான பயம். அகலமான இறவாரமும், தரையிலிருந்து தெறிக்கும் தண்ணீர் படாதபடி கீழே இரண்டடி கருங்கல் கட்டும் இருந்தால் அந்தப் பயம் வேண்டாம். மழை நேராக அடிக்கும் இடங்களில் பூசிவிடுங்கள், எல்லா இடத்திலும் பூசாமல் விட வேண்டும் என்று நான் சொல்லவில்லை.

ஒரு தொழில் அமைப்பு தன் கட்டடத்தையே பாடமாக்கிய உதாரணம் நம் நாட்டிலேயே இருக்கிறது. இந்தியத் தொழில் கூட்டமைப்பு ஐதராபாத்தில் பசுமைத் தொழில் மையம் ஒன்றைக் கட்டியது. 2004 ஜூலையில் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் திறந்து வைத்தார். நடுவில் வட்ட முற்றம், ஜாலிச் சுவர், உள்ளே வரும் காற்றை முதலில் குளிர வைக்கும் காற்றுக் கோபுரம், மேலே புல் வளர்ந்த கூரை. பசுமைக் கட்டடத்துக்கான லீட் பிளாட்டினம் சான்று இந்தியாவில் முதலில் கிடைத்தது அதற்குத்தான். எங்கள் சங்கத்துக்கு அவ்வளவு பணம் கிடையாது, சான்றிதழும் வேண்டாம். ஆனால் வந்து பார்க்கிறவர் கற்றுக்கொண்டு போகும்படி தன் கட்டடத்தை அமைப்பது என்ற எண்ணம் நமக்கும் வேண்டும். தையற்காரர் போட்டிருக்கும் சட்டையைப் பார்த்துத்தான் ஊர் அவரிடம் துணி கொடுக்கும்.

வீடு கட்டப்போகும் ஒரு குடும்பம் இந்தக் கட்டடத்துக்குள் வந்தால் என்ன பார்க்க வேண்டும்? நான் வரைந்தால் கீழ்த்தளத்தில் ஒரு மாதிரிக் கூடம் வைப்பேன். சாதாரணக் கட்டு, எலிப்பொறிக் கட்டு, இன்டர்லாக் கல், ஹாலோ பிளாக் எல்லாவற்றிலும் ஆளுயரச் சுவர்த் துண்டு, ஒரு பக்கம் பூசி, ஒரு பக்கம் பூசாமல். ஒரு தூணையும் உத்திரத்தையும் பாதி வார்த்து, பாதி கம்பியாகவே விட்டுவிடுவேன். தூண் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்கின் கொக்கி உள்ளே மடங்கியிருக்க வேண்டும் என்று ஆயிரம் தடவை சொன்னாலும் ஏறாதது, ஒருமுறை கண்ணால் பார்த்தால் ஏறும். கம்பி அச்சுப் பலகையைத் தொடாமல் இருக்க அடியில் வைக்கும் கவர் பிளாக்கும் அப்படித்தான். குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் கடற்கரை வீடுகளில் வார்ப்பு வெடித்து, துருப்பிடித்த கம்பி வெளியே தெரிவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். உப்புக் காற்றில் நிற்கும் கான்கிரீட்டுக்கு எம்30 என்ற வலிமைத் தரமும் கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கான்கிரீட்டும் வேண்டும் என்று கான்கிரீட்டுக்கான இந்திய விதிநூல் ஐ.எஸ். 456 சொல்கிறது. வேலைத்தலத்தில் நடப்பதோ, கம்பிக்கு அடியில் கைக்குக் கிடைத்த ஜல்லித் துண்டைச் செருகி வைப்பது. இன்றைக்கு நாம் அதிகம் வாங்கும், சாம்பல் கலந்த பி.பி.சி. சிமென்டுக்குப் பத்து நாள் நனைப்பு வேண்டும் என்பதும் அதே விதிநூலில் இருக்கிறது. மூன்றாம் நாளே தண்ணீர்க் குழாயை எடுத்து வைத்துவிடுகிறார்கள்.

கூடத்தை ஒட்டி ஒரு சிறிய பரிசோதனை அறை. 150 மில்லிமீட்டர் கான்கிரீட் கட்டி வார்த்து, ஏழாம் நாளும் இருபத்தெட்டாம் நாளும் உடைத்துப் பார்க்கும் எந்திரம் ஒன்று, கல்லை உடைத்துச் செய்யும் மணலான எம்-சாண்டில் தூசி எவ்வளவு என்று பார்க்கச் சல்லடைகள். நம் மலைகளை உடைத்த கல்லும் எம்-சாண்டும் லாரி லாரியாகக் களியக்காவிளை தாண்டிப் போகின்றன. உள்ளூர்க்காரருக்கு மிஞ்சிக் கிடைக்கும் மணல் நல்லதா கெட்டதா என்று சோதிக்கச் சின்னக் கான்ட்ராக்டருக்கு இப்போது பக்கத்தில் இடம் இல்லை. தலைவர் அறைக்கு இத்தாலி மார்பிள் போடும் காசில் இந்த அறையைத் தொடங்கிவிடலாம்.

இனி, எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமானதைச் சொல்கிறேன். வெளியிட்ட வரைபடத்தில் தலைவர் அறை, செயலாளர் அறை, குளிரூட்டிய கூட்ட அரங்கு, விருந்தினர் அறை எல்லாம் இருக்கின்றன. கொத்தனாரும் கையாளும் வந்தால் எங்கே உட்காருவார்கள் என்பது இல்லை. இது முதலாளிகள் சங்கம், அவர்களுக்குத் தனிச் சங்கம் இருக்கிறதே என்று பதில் வரலாம். ஆனால் தினமும் நம் அலுவலக வாசலுக்கு வருவது யார்? வேலை செய்தேன் என்று கையெழுத்து வாங்க வருகிறவர், நல வாரிய அட்டையைப் புதுப்பிக்கத் தெரியாமல் வருகிறவர், கூலி பாக்கிக்காக வருகிறவர். தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994-இல் வந்தது. கட்டடச் செலவில் நூற்றுக்கு ஒரு ரூபாயை நாம் அதற்காகக் கட்டுகிறோம். இந்தக் கட்டடத்துக்கும் கட்டத்தான் போகிறோம். யாருக்காக அந்த ஒரு ரூபாயோ, அவர்கள் வெயிலில் நிற்க வேண்டாம். இப்போது எல்லாம் ஆன்லைன் பதிவு. ஒரு கம்ப்யூட்டரும், பொறுமையாகப் படிவம் நிரப்பிக் கொடுக்கும் ஒரு பிள்ளையும், பத்து இருபது பேர் உட்காரும் பெஞ்சும் வாசலுக்குப் பக்கத்திலேயே வேண்டும். மாடியில் அல்ல.

நம்முடையது எல்லையூர் என்பதால் இது இன்னும் தேவை. காலையில் பஸ்ஸிலும் ரயிலிலும் நெய்யாற்றின்கரைக்கும் திருவனந்தபுரத்துக்கும் வேலைக்குப் போகிறவர் நம் ஆட்கள். அங்கே சாரத்திலிருந்து விழுந்தால், அட்டை இந்த மாநிலத்தில், விபத்து அந்த மாநிலத்தில். எந்த வாரியத்தில் என்ன கேட்பது என்று தெரியாமல் குடும்பம் அலையும். இன்னொரு பக்கம், வங்காளத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து நம் வேலைத்தலத்தில் தங்கி வேலை செய்கிற பையன்களுக்கு நம் எழுத்து தெரியாது. அறிவிப்புப் பலகை தமிழிலும் மலையாளத்திலும் இந்தியிலும் இருக்கட்டும். இரண்டு மாநிலப் படிவங்களும் கிடைக்கிற ஒரே மேசை இந்தப் பகுதியில் இருந்தால், அது நம் சங்கத்தில் இருந்தது என்ற பெயர் நிலைக்கும்.

பெண்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு அம்மா, வயது அறுபதை நெருங்குகிறது, இன்னும் சட்டி சுமக்கிறார். ஒருநாள் வேலைத்தலத்தில் தண்ணீர் நீட்டினேன், வாங்கவில்லை. "மக்களே, காலையில வீட்டுல ஒருக்க போறதுதான். பொறவு ராத்திரி வீட்டுக்குப் போயிதான். தண்ணி குடிச்சா எங்க போவேன்?" என்றார். வேலைத்தலத்தில் குடிநீரும் கழிப்பறையும் இருக்க வேண்டும் என்று 1996-ஆம் ஆண்டுச் சட்டமே சொன்னது. ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்தால் பிள்ளைகளுக்குக் காப்பகமும் வேண்டும் என்றது. அதைத் தன் கட்டடத்திலாவது சங்கம் செய்து காட்டட்டும். வரைபடத்தில் கீழ்த்தளத்தில் இருப்பது ஒரே ஒரு கழிப்பறை, அதுவும் தலைவர் அறையோடு சேர்ந்தது. பெண்களுக்கென்று தனியாக, தாழ்ப்பாள் ஒழுங்காக விழுகிற, தண்ணீர் வருகிற, வராந்தாவிலிருந்தே போகக்கூடிய கழிப்பறை கீழ்த்தளத்தில் வேண்டும். கைக்குழந்தைக்காரி உட்கார ஒரு சிறிய அறையும் வேண்டும். கட்டடம் கட்டும் அந்த ஒன்றரை இரண்டு வருடத்திலும், முதல் நாளிலிருந்தே, வேலை செய்கிற பெண்களுக்குத் தற்காலிகக் கழிப்பறை வைத்துவிட்டுத்தான் அஸ்திவாரம் தோண்ட வேண்டும்.

அந்த ஐந்து கிரானைட் படி. படிக்கு அரையடி வீதம் இரண்டரை அடி ஏற்றம். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போனவர்கள் இந்தத் தொழிலில் எத்தனை பேர்! வாரிய உதவி கேட்டு வருகிறவரே அந்தப் படியில் ஏற முடியாது. ஓர் அடி ஏற பன்னிரண்டு அடி நீளம் என்ற கணக்கில் இரண்டரை அடிக்கு முப்பதடிச் சாய்தளம் வேண்டும். நாற்பதடி முகப்பில் அதற்கு இடமில்லை என்றுதான் வரைந்தவர் விட்டிருப்பார். நூறடி நீளம் சும்மா கிடக்கிறதே! தெற்குச் சுவரை ஒட்டிச் சாய்தளத்தைக் கொண்டுபோனால், எல்லோரும் அதிலேயே நடந்து உள்ளே போகலாம், தனி வழி என்று யாரையும் பிரிக்க வேண்டியதில்லை. மழையில் மினுங்கும் கிரானைட்டில் வழுக்கி விழவும் வேண்டாம். சாய்தளத்துக்குச் சொரசொரப்பான கல் போதும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-லேயே வந்துவிட்டது. இது யாருக்கும் செய்யும் சலுகை அல்ல.

கண்ணாடி இருந்தால்தான் ஆபீஸ் மாதிரி இருக்கும், பெரிய இடத்து ஆட்கள் வந்தால் மதிப்பார்கள் என்று நிர்வாகிகளில் சிலர் நினைக்கிறார்கள். அவர்கள் ஆசை புரியாமல் இல்லை. கையால் உழைத்து முன்னுக்கு வந்தவர்கள், நாலு பேர் நிமிர்ந்து பார்க்கும்படி ஒரு கட்டடம் வேண்டும் என்று நினைப்பதில் தவறே இல்லை. ஆனால் அந்தக் கண்ணாடியை நம் உறுப்பினர் ஒருவர்கூடச் செய்வதில்லை. தகடும் கண்ணாடியும் வெளியூரிலிருந்து வரும், மாட்டுகிற ஆளும் வெளியூரிலிருந்து வருவார், ஐந்தாறு வருடத்தில் கண்ணாடியை ஒட்டிய சிலிக்கோன் பசை விட்டுப்போனால் மறுபடி அவரைத்தான் தேட வேண்டும். செங்கல், கருங்கல், ஓடு, ரப்பர் மரம், கம்பி வேலை என்று போனால், போடுகிற பணம் இந்த ஊருக்குள்ளேயே நம் உறுப்பினர் கைகளுக்குப் போகும். பழுது பார்க்கவும் பக்கத்துத் தெரு ஆள் போதும்.

அதனால் நிர்வாகிகளிடம் உங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். வரைபடத்தின் எல்லாத் தாள்களையும், முகப்புப் படத்தை மட்டுமல்ல, ஒரு மாதத்துக்கு இப்போதைய சங்க அறையின் சுவரில் ஒட்டி வையுங்கள். பக்கத்தில் ஒரு நோட்டு வையுங்கள். எழுதத் தெரியாதவர் சொல்வதைக் கேட்டு எழுத அலுவலகப் பையனை உட்கார வையுங்கள். அப்புறம் பொதுக்குழுவைக் கூட்டி, வரைந்த ஆர்க்கிடெக்டையும் அழைத்து, ஒவ்வொன்றாகப் பேசுவோம். அவர் இளைஞர், திறமையானவர், கொடுத்த குறிப்புக்கு ஏற்ப வரைந்திருக்கிறார். குறிப்பை மாற்றிக் கொடுத்தால் நல்லதாகவே வரைவார். மேற்கு வராந்தா, ஜாலிச் சுவர், சாய்தளம், கீழ்த்தளக் கழிப்பறைகள் இவற்றுக்கான அளவுகளையும் எஸ்டிமேட்டையும் நான் போட்டு வைத்திருக்கிறேன். கூலி வேண்டாம். எந்த நாள் அழைத்தாலும் தாள்களோடு வருகிறேன்.

இப்படிக்கு,
சங்க உறுப்பினர், வரைபடப் பணியாளர்,
குழித்துறை, கன்னியாகுமரி மாவட்டம்.